எல்லாக் கிளையிலும் ஒரே வாடிக்கையாளர்

என் மேனேஜரை நாலு பேர் முன்னால் தலைகுனிய வைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி இருந்தது. கோபம் என்று சொன்னால் போதாது. கோபம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. வரும், கத்துவேன், போய்விடும். இது போகவில்லை. காலையில் சந்தாபுராவில் சமையலை முடித்து, பொம்மசந்திரா போய் மெட்ரோ ஏறி, ஆர்.வி. ரோட்டில் வண்டி மாறி, மல்லேஸ்வரத்தில் ஆபீஸ் படியேறும் வரைக்கும் அதையே நினைத்துக்கொண்டு போவேன். எனக்கு நடந்தது அவருக்கும் நடக்க வேண்டும். அதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. அதற்காகக் கோயிலில் வேண்டிக்கொள்ளக்கூடக் கூச்சப்படவில்லை.

எங்களுடையது வாட்டர் பியூரிஃபையர் பழுதுபார்க்கும் கம்பெனி. போர்வெல் தண்ணீரை நம்பி பெங்களூரில் வீடு கட்டுகிறவர்கள் இருக்கும்வரை எங்களுக்கு வேலைக்குக் குறைவில்லை. உப்பு அடைத்துக்கொள்ளும், மோட்டார் கத்தும், ஃபில்டரைக் கழற்றினால் சேறு வரும். மல்லேஸ்வரத்தில் ஒரே கடையாக ஆரம்பித்து, ஓசூர் ரோடு நெடுகக் கிளை விட்டு, துமகூரு, மைசூரு வரை போய்விட்டது. முதலாளி பெங்களூரிலேயே பிறந்த தமிழர். தமிழில் பேச ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பார். நான் வாணியம்பாடிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். கம்பெனியின் தகவல்களைக் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்து, கேட்கிறவர்களுக்குக் கேட்கிற மாதிரி தருவது என் வேலை.

எடுத்துத் தருவது என்றால் ஏதோ அலமாரியில் இருப்பதை எடுப்பது போலத் தோன்றும். அப்படி இல்லை. எங்கள் கம்பெனியில் ஒவ்வொரு கிளைக்கும் ஒரு தனி டேபிள், அதாவது கம்ப்யூட்டருக்குள் ஒரு அட்டவணை. ஒரு வீட்டிலிருந்து புகார் வந்தால் அந்தக் கிளையின் டேபிளில் ஒரு வரி ஏறும். வாடிக்கையாளர் பெயர், போன் நம்பர், முகவரி, என்ன மெஷின், என்ன கோளாறு, எப்போது சரியானது, அவர் எத்தனை ஸ்டார் கொடுத்தார். முதல் கடைக்கு எவரோ இப்படி ஒரு டேபிள் செய்திருக்கிறார். இரண்டாவது கடை திறந்தபோது அதையே நகல் எடுத்துப் பெயரின் வாலில் ஊரை மட்டும் மாற்றிவிட்டார். அவருக்குப் பின்னால் வந்தவர்களும் அதே வழியில் போனார்கள். நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஒரே முகஜாடையில் வரிசையாக டேபிள்கள் நின்றன.

மல்லேஸ்வரத்தில் இந்த மாதம் எத்தனை புகார் என்று கேட்டால் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடலாம். கம்பெனி முழுக்க எத்தனை என்று கேட்டால் தொலைந்தேன். கம்ப்யூட்டரிடம் கேள்வி கேட்பதை நாங்கள் க்வெரி என்போம். ஒரு கிளைக்கு எழுதிய க்வெரியை நகலெடுத்து, ஊர்ப் பெயரை மாற்றி, நடுவில் ‘யூனியன் ஆல்’ என்று போட்டு ஒட்ட வேண்டும். பிறகு அடுத்த ஊர். பிறகு அடுத்த ஊர். ஒட்டி முடித்தால் க்வெரி பக்கம் பக்கமாக நீளும். இதில் ஒரு ஊர் விட்டுப்போனால் கம்ப்யூட்டர் தவறு என்று சொல்லாது. கொடுத்ததைக் கூட்டி, அழகாக ஒரு விடையைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கும். விட்டுப்போனது யாருக்கும் தெரியாது, அந்த ஊர்க்காரர் எதிரில் வந்து நிற்கும்வரை.

அத்திபெலேக்காரர் வந்து நின்றார்.

அதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் அத்திபெலேயில் கிளை திறந்திருந்தார்கள். அதற்கான டேபிளைச் செய்தவர் என் மேனேஜர். பெரிய ஐ.டி. கம்பெனியில் இருந்துவிட்டு எங்கள் கம்பெனிக்கு வந்தவர், சேலத்துக்காரர், நன்றாக இஸ்திரி போட்ட சட்டை, யாரையும் கடிந்து பேசாத குரல். எல்லா டேபிளையும் ஒன்றாகச் சேர்த்து, கிளைப் பெயருக்கென்று ஒரு தனிக் கட்டம் வைத்து ஒரே இடமாக்கிவிடலாம் என்று நான் அவரிடம் கேட்டுக்கொண்டே இருந்தேன். ஓடுகிற வண்டியை ஏன் கழற்ற வேண்டும் என்று சிரித்துவிட்டுப் போய்விடுவார். அத்திபெலே டேபிளைச் செய்தவர் அதை என்னிடம் சொல்ல மறந்துவிட்டார். நானும் பழைய ஊர்களையே ஒட்டி ரிப்போர்ட் கொடுத்தேன்.

மாதக் கூட்டத்துக்கு எல்லாக் கிளைப் பொறுப்பாளர்களும் வந்திருந்தார்கள். அத்திபெலேக்காரர் ஆள் கொஞ்சம் பெரியவர், தமிழ்நாட்டு எல்லையில் வளர்ந்தவர், குரலும் பெரியது. கோடை உச்சத்தில் அவருடைய ஆட்கள் வீடு வீடாக அலைந்திருந்தார்கள். திரையில் எல்லா ஊரும் வந்தது, அத்திபெலே வரவில்லை. முதலாளி அவரைப் பார்த்து, கடையைத் திறந்தீர்களா இல்லையா என்று கேட்டார். அத்திபெலேக்காரர் என் மேனேஜரைப் பார்த்தார். என் மேனேஜர் என்னைப் பார்த்தார்.

“இது அவங்க எழுதினது சார். செக் பண்ணுங்கன்னுதான் நான் சொல்லிட்டிருக்கேன்” என்றார்.

அத்திபெலேக்காரர் நாற்காலியை என் பக்கம் திருப்பிக்கொண்டார். “ஏம்மா, எங்க பசங்க வெயில்ல பைக் ஓட்டி ஓட்டிக் கறுத்துப் போயிட்டானுங்க. உன் கம்ப்யூட்டருக்கு நாங்க ஆளுங்களாத் தெரியலியா?”

புது டேபிள் வந்தது எனக்குத் தெரியாது, யாரும் சொல்லவில்லை என்றேன். மேனேஜர் தன் போனைப் பார்த்துக்கொண்டே, அதே மெல்லிய குரலில் சொன்னார்: “எல்லாத்தையும் வாயில ஊட்டணுமாம்மா?”

எல்லாரும் சிரித்தார்கள். முதலாளி சிரித்தார். அத்திபெலேக்காரர்கூடக் கோபத்தை விட்டுவிட்டுச் சிரித்தார். டேபிளைச் செய்த அதே கையில் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த மனிதரின் முகத்தை அன்று நான் நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டேன். உனக்கு ஒரு நாள் இருக்கிறது என்று மனதுக்குள் சொன்னேன். அவரை நீ, வா, போ என்று நினைக்க ஆரம்பித்தது அன்றிலிருந்துதான். வாயில் மட்டும் சார் என்று வரும்.

வன்மம் வந்தால் மற்றவர்களுக்குத் தூக்கம் போகும் என்பார்கள். எனக்குச் சுறுசுறுப்பு வந்தது. யாரும் கேட்காமலேயே அந்த வேலையைச் செய்ய உட்கார்ந்தேன். எந்தெந்தப் பெயரில் டேபிள்கள் இருக்கின்றன என்பதைக் கம்ப்யூட்டரே தனியாக எழுதி வைத்திருக்கும். தினமும் காலையில் அதைப் பார்த்து, எங்கள் புகார் டேபிள்கள் அத்தனையையும் தானே பொறுக்கி, ஊர்ப் பெயரை ஒரு தனிக் கட்டத்தில் போட்டு, ஒன்றாக அடுக்கிக் காட்டுகிற மாதிரி செய்தேன். இனி எந்த ஊரில் கடை திறந்தாலும் எவரும் என்னிடம் சொல்ல வேண்டியதில்லை. மறுநாள் காலை அந்த ஊர் தானாக வந்து நிற்கும். கம்பெனி முழுக்க எத்தனை என்ற கேள்விக்கு இரண்டு வரி போதும். என் வாழ்க்கையிலேயே நான் ஒழுங்காகச் செய்த வேலை அது. ஆத்திரத்தில் செய்தது என்பதால் அதன் அழகு குறைந்துவிடவில்லை.

எல்லாம் ஒன்றாக வந்ததும், எந்த வாடிக்கையாளர் அதிகமாக வருகிறார் என்று விளையாட்டாக ஒரு கேள்வி கேட்டுப் பார்த்தேன். முதலில் ஒரு அம்மாளின் பெயர் வந்தது. எல்லாக் கிளையிலும் அவருக்கு மெஷின் இருந்தது. எல்லா இடத்திலும் மல்லேஸ்வரம் முகவரி, ஒரே போன் நம்பர். எந்தக் கோளாறும் புகார் சொன்ன அன்றே சரியாகி, எல்லாவற்றுக்கும் ஐந்து ஸ்டார் கொடுத்திருந்தார். இது யார் என்று எனக்குத் தெரியும். முதலாளியின் அம்மா. அவர் காலமாகிப் பல வருஷம் ஆகிறது.

முதலாளி கடைக்காரராக ஆரம்பித்தவர். ஒரு கடையில் அன்றைக்கு நடக்கிற முதல் வியாபாரம் போணி. போணி நல்ல கையால் நடந்தால் அந்த நாள் ஓடிவிடும் என்பது கடைக்காரர்களுக்குள் ஒரு நம்பிக்கை. எங்கள் முதலாளிக்குத் தெரிந்த நல்ல கை அவருடைய அம்மாவின் கை. அதனால் எந்த ஊரில் கிளை திறந்தாலும், பூஜை முடிந்து, டெக்னீஷியன்களின் பைக் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியதும், அவரே கம்ப்யூட்டர் முன்னால் வந்து உட்காருவார். ஒரு விரலால் எழுத்தெழுத்தாகத் தேடி, அம்மாவின் பெயரில் முதல் புகாரை ஏற்றுவார். உடனே அதைச் சரிசெய்ததாகவும் அவரே போட்டு, ஐந்து ஸ்டாரும் கொடுப்பார். பிறகுதான் கேசரி. நான் இதைப் பல ஊர்களில் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். திறப்பு விழாக்களுக்கெல்லாம் மேனேஜர் என்னைத்தான் அனுப்புவார். சாமி கும்பிடுவதில் நாள் போய்விடும் என்று அவர் வரமாட்டார். ஆபீஸில் அந்த அம்மாவின் படம் மாலையோடு மாட்டியிருக்கும், கீழே பெயர் கிடையாது. பழைய ஆட்களுக்குத்தான் பெயர் தெரியும்.

தனித்தனி டேபிளாக இருந்தவரை அந்த ஒரு வரி யார் கண்ணிலும் பட்டதில்லை. ஒரு ஊரின் புகார்களுக்கு நடுவே ஒரு வரி எங்கே தெரியப்போகிறது. ஒன்றாகச் சேர்த்தபோதுதான் அத்தனை ஊர் அம்மாவும் எழுந்து வந்து வரிசையில் முதலில் நின்றார். நடக்காத புகாரைக் கணக்கில் வைக்கக் கூடாது. அதனால் அந்த போன் நம்பர் உள்ள வரிகளைச் சேர்க்காதே என்று ஒரு வரி எழுதினேன். பக்கத்தில், இது முதல் போணி, உண்மைப் புகார் இல்லை என்று ஒரு குறிப்பும் என் இனிஷியலும் போட்டேன்.

மேனேஜரிடம் காட்டினேன். மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தார். அடுத்த வாரம் முதலாளியின் அறையில் அதைத் திரையில் போட்டு, கம்பெனிக்காகத் தான் ஒன்றை டிசைன் செய்திருப்பதாகச் சொன்னார். நான் அங்கே எதற்காக உட்கார்ந்திருந்தேன் என்றால் லேப்டாப் வயரைச் செருகுவதற்கு. முதலாளி அவர் முதுகைத் தட்டினார். ஒரே ஒரு வார்த்தை, அவங்களும் உதவி பண்ணினாங்க என்று சொல்லியிருந்தால்கூடப் போதும், பாதி வன்மம் கரைந்திருக்கும். சொல்லவில்லை. மெட்ரோவில் நின்றுகொண்டே அழுதேன். அழுததற்காகவும் அவர் மேல் ஆத்திரம் கூடியது.

பிறகு அவர் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு க்வெரியைச் சுத்தம் செய்தார். முதலில் நான் எழுதிய குறிப்புகளையெல்லாம் எடுக்கச் சொன்னார். பார்க்க நீட்டாக இருக்க வேண்டுமாம். என் இனிஷியல் இருந்த இடங்களை நானே அழித்தேன். அப்போது போன் நம்பர் இருந்த அந்த ஒற்றை வரி அவர் கண்ணில் பட்டது.

“இது எதுக்கு? ஒரு கஸ்டமரை மட்டும் ஏன் தள்ளி வைக்கிறே? டேட்டாவுல கை வைக்கக் கூடாதும்மா.”

சொல்ல வாயெடுத்தேன். உண்மையாகத்தான் சொல்கிறேன், பழக்கத்தில் வாய் திறந்துவிட்டது. அதற்குள் வாயில் ஊட்ட வேண்டுமா என்று அவர் கேட்டது நினைவுக்கு வந்தது.

“வேணாம்னா எடுத்துடுங்க சார்” என்றேன்.

அவரே எடுத்தார். என் கண்ணெதிரில், அவருடைய விரலால் அழித்தார். எனக்கு நெஞ்சு குளிர்ந்துபோயிற்று. என்றைக்காவது ஒரு நாள் இது வெடிக்கும், எங்கே வெடிக்கும் என்று தெரியாது, ஆனால் வெடிக்கும்போது அவர் கையில்தான் வெடிக்கும். அன்று சந்தாபுராவில் இறங்கியதும் பூ வாங்கி வைத்துக்கொண்டேன். விசேஷமா என்று வீட்டுக்காரர் கேட்டார். ஆமாம் என்றேன்.

நான் நினைத்ததை விடச் சீக்கிரமே அந்த நாள் வந்தது. கம்பெனியின் ஆண்டு விழாவுக்கு மேனேஜர் ஒரு யோசனை சொன்னார். எல்லாக் கிளையும் இப்போது ஒன்றாகத் தெரிகிறதே, நம்மிடம் அதிக மெஷின் வைத்திருக்கிற வாடிக்கையாளரைக் கூப்பிட்டு மேடையில் மரியாதை செய்யலாம். முன்பு கேட்க முடியாத கேள்வி இது, புது டிசைன் வந்ததால்தான் முடிகிறது என்று முதலாளிக்கும் சொல்லியிருக்கிறார். முதலாளிக்குச் சந்தோஷம். ஆள் யார் என்பதை மேடையில்தான் சொல்வேன் என்றும் சொல்லியிருக்கிறார். அந்தக் கேள்வியை அவரே கேட்டார். முதலில் அந்த அம்மாவின் பெயர் வந்தது.

என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். துமகூருவிலிருந்து அத்திபெலே வரை ஒரே அம்மாவுக்கு எப்படி மெஷின் இருக்கும் என்று அவருக்குச் சந்தேகம் வரவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். வந்தது. அவரே பதிலும் சொல்லிக்கொண்டார். வீடுகள் கட்டி வாடகைக்கு விடுகிற பழைய மல்லேஸ்வரத்துக்காரம்மாவாக இருக்கும், லேஅவுட்டுக்கு ஒரு வீடு வைத்திருப்பார்கள் இவர்கள் என்றார். பெங்களூரில் இது நம்ப முடியாத விஷயமும் இல்லை. போன் போட்டுப் பார்த்தார், அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை. முகவரிக்குக் கூரியரில் அழைப்பிதழ் அனுப்பினார். அந்த வீடு இடிந்து அபார்ட்மெண்ட் ஆகிவிட்டது. வாட்ச்மேன் வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறார். யாரோ கையெழுத்துப் போட்டு வாங்கியதாகத் தகவல் வந்ததும், அம்மா நேராக மண்டபத்துக்கே வந்துவிடுவார் என்று மேனேஜர் முடிவு செய்தார்.

ஷீல்டு செய்யக் கொடுத்தார். பெயரில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்க்க என்னிடம்தான் தந்தார். ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்துவிட்டு, பிழை இல்லை சார் என்றேன். மைசூர் சில்க் சால்வையும் வாங்கியாயிற்று. அந்த நாட்களில் நான் எவ்வளவு சாந்தமாக இருந்தேன் தெரியுமா. வீட்டில் யாரிடமும் சண்டையில்லை. ஆபீஸில் அவர் என்ன சொன்னாலும் சரி சார். செத்துப்போன அம்மாவை மேடைக்கு வரச் சொல்லி, பெற்ற பிள்ளையின் எதிரிலேயே கூப்பிடப் போகிறார். அதன் பிறகு அவர் எந்த முகத்தை வைத்துக்கொண்டு போனைப் பார்ப்பார் என்று நினைத்து நினைத்துச் சிரித்தேன். அந்த அம்மாவைப் பற்றியோ, அவர் பிள்ளையைப் பற்றியோ எனக்கு ஒரு நினைப்பும் இருக்கவில்லை.

விழா மல்லேஸ்வரத்திலேயே ஒரு சின்ன மண்டபத்தில். எல்லா ஊர் ஆட்களும் வேன் வைத்து வந்திருந்தார்கள். நான் நடு வரிசையில், மேடை நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தேன். பக்கத்தில் அத்திபெலேக்காரர். பரிசுகளெல்லாம் முடிந்ததும் என் மேனேஜர் மைக்கைப் பிடித்தார். நம் கம்பெனியின் எல்லா பிராஞ்சிலும் மெஷின் வைத்திருக்கிற ஒரே குடும்பத் தலைவி, ஒரு தடவைகூட நம்மைக் குறை சொல்லாதவர், எல்லாவற்றுக்கும் ஐந்து ஸ்டார் கொடுத்தவர் என்று ஏற்றி ஏற்றிச் சொல்லிவிட்டு, பெயரைப் படித்தார். மேடைக்கு வரும்படி கைகூப்பிக் கேட்டுக்கொண்டார்.

யாரும் வரவில்லை. மறுபடியும் படித்தார். முன்வரிசையில் பழைய ஆட்கள் சிலர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, பிறகு முதலாளியைப் பார்த்தார்கள். முதலாளி அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

“யாரும்மா அந்தம்மா?” என்று அத்திபெலேக்காரர் என் காதருகே கேட்டார்.

சொன்னேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டார். “செத்தான்” என்றார் மெதுவாக.

முதலாளி எழுந்து மேடையேறினார். ஷீல்டை வாங்கித் தூரப் பிடித்து, பெயரைப் படித்தார். இது உனக்கு எங்கே சிக்கிச்சு என்று கேட்டார். மைக் அருகில் இருந்ததால் எல்லாருக்கும் கேட்டது. மேனேஜருக்கு இன்னும் ஒன்றும் புரியவில்லை. எல்லா பிராஞ்சையும் ஒண்ணா சேர்த்துப் பார்த்தேன் சார், இவங்கதான் முதல்ல வந்தாங்க என்றார். நான் சேலை முந்தானையைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டேன்.

“எங்கம்மா” என்றார் முதலாளி, கூட்டத்தைப் பார்த்து. அழுதுவிட்டார். அத்தனை வயதான மனிதர், அத்தனை பேர் முன்னால், ஷீல்டை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அழுதார். பிறகு ஒரு கையால் என் மேனேஜரை இழுத்து அணைத்துக்கொண்டார்.

“ஒவ்வொரு கடையிலயும் ஒரு வரி எழுதி வச்சேன். அவ்ளோதான். எல்லாத்தையும் சேத்து எண்ணிப் பாக்கணும்னு பெத்த பிள்ளை எனக்குத் தோணலை நோடி, பாருங்க. இவன் பாத்திருக்கான்.”

மண்டபமே எழுந்து கை தட்டியது. மேனேஜர் முகத்தில் முதலில் ரத்தமே இல்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நிறம் திரும்பியது. புத்திசாலி. எல்லாம் புரிந்துகொண்டு, குனிந்து முதலாளியின் காலைத் தொட்டார். அவங்களை எப்படி சார் மறக்க முடியும் என்றார். சால்வையை எடுத்து முதலாளிக்கே போர்த்தினார். நான் கை தட்டவில்லை. என்னால் முடியவில்லை. அத்திபெலேக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எழுந்திரும்மா, எல்லாரும் நிக்கிறாங்க பாரு என்றார். எழுந்து நின்றேன்.

அதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. சாப்பாட்டுப் பந்தியில் முதலாளிக்கு ஒரு கேள்வி வந்தது. போன தடவை ஒன்றாகச் சேர்த்துக் காட்டியபோது அம்மா ஏன் வரவில்லை? மேனேஜர் பணிவாகச் சொன்னார், முதலில் எழுதிய க்வெரியில் அம்மாவைச் சேர்க்க வேண்டாம் என்று ஒரு வரி இருந்ததாகவும், தான்தான் அதை எடுத்ததாகவும். என் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் முதலில் எழுதியது யார் என்று முதலாளி கேட்டபோது, பந்தியில் எல்லாருடைய தலையும் என் பக்கம் திரும்பியது. அந்த க்வெரியை எழுதியவள் நான் என்று கம்பெனி முழுக்கத் தெரிந்தது அன்றைக்குத்தான்.

முதலாளி இலையை விட்டு எழுந்து என் எதிரில் வந்து நின்றார். “எங்கம்மாவை வேணாம்னு எழுதினியாம்மா?”

அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன். “கணக்கு தப்பா வரும் சார்” என்றேன்.

“தப்பா வந்தா வரட்டும். அவங்க இருக்கட்டும்” என்றார். போய்விட்டார். அன்றிலிருந்து எங்கள் கம்பெனியின் எந்த ரிப்போர்ட்டை எடுத்தாலும், நடக்காத புகார்கள் கிளைக்கு ஒன்றாக அதில் இருக்கும். தப்பு என்று தெரிந்தே நான்தான் அதை எடுத்துக் கொடுக்கிறேன்.

மறுநாள் காலை மேனேஜர் என் இடத்துக்கு வந்தார். எல்லாக் கிளைகளையும் இனி அவர்தான் பார்த்துக்கொள்ளப் போகிறார் என்று அதற்குள் எல்லாரும் பேசிக்கொண்டிருந்தார்கள். கையில் மைசூர்பாக் பெட்டி. பக்கத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். முதலாளிக்கு என் மேல் ரொம்ப வருத்தம் என்றும், வேண்டுமென்று செய்திருக்க மாட்டாள், நல்ல பெண் என்று தான் எடுத்துச் சொல்லி வைத்திருப்பதாகவும் சொன்னார். பிறகு குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டார்.

“அது யாருன்னு உனக்கு முன்னாடியே தெரியும்ல? பூஜைக்கெல்லாம் நீதானே போனே.”

எனக்கு ஒரு கணம் சந்தோஷமாகக்கூட இருந்தது. கடைசியில் கண்டுபிடித்துவிட்டார். அவரைக் கவிழ்க்கத்தான் செய்தேன் என்பது அவருக்குத் தெரிந்தாலே எனக்குப் பாதி ஆறும். வேலை போனாலும் போகட்டும் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

“தெரியும் சார்” என்றேன்.

“தெரிஞ்சும் அந்த வரிய நான் எடுக்கிறப்ப நீ ஒண்ணும் சொல்லலை. ராத்திரி பூரா அதைத்தான் யோசிச்சேன். நீ நினைச்சிருந்தா சார்கிட்ட நீயே போய்ச் சொல்லி அந்த நல்ல பேரை வாங்கியிருக்கலாம். எனக்காக விட்டுக் கொடுத்திருக்கே. நான் உன்னை அன்னிக்கு மீட்டிங்ல அப்படிப் பேசியும்.” பெட்டியை மேஜைமேல் வைத்தார். “தேங்க்ஸ்மா.”

அவர் முகத்தில் கேலி எங்கேயாவது இருக்கிறதா என்று தேடினேன். நெற்றியில், கண்ணில், உதட்டு ஓரத்தில், எங்கும் இல்லை. கண் கலங்கியிருந்தது. இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் நன்றி சொன்னது அதுதான் முதல் தடவை. உன்னை அசிங்கப்படுத்தத்தான் சும்மா இருந்தேன், நீ நாசமாய்ப் போக வேண்டும் என்றுதான் இருந்தேன் என்று கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினாலும் நம்பியிருக்க மாட்டார்.

பெட்டியைத் திறந்து நீட்டினார். ஒன்று எடுத்துக்கொண்டேன். இன்னொன்று எடுத்துக்கோம்மா, வீட்டுக்கு என்றார். அதையும் எடுத்துக்கொண்டேன்.